வலிக்கிறவர் முதலில் வர வேண்டும்

எங்கள் ஊர் டாக்ஸிக்காரர் ஒரு சிக்னலில் நிற்கும்போது பேசுகிற அளவை ரஷ்வான் ஒரு வாரத்தில் பேசுவார். அதிலும் பாதிப் பேச்சு அடுத்தவர் எழுதியதைத் திருத்துவதாகத்தான் இருக்கும்.

அலெக்ஸாந்திரியாவில் மன்ஷிய்யா சதுக்கத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பஞ்சு ஏற்றுமதி கம்பெனியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் அங்கே தட்டச்சு. என் பெயர் இன்ஷிராஹ். நெஞ்சு லேசாவது என்று அதற்கு அர்த்தம். பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். ரஷ்வான் ஆங்கிலக் கடிதங்களுக்குப் பொறுப்பு. ஆபீஸ் ஆட்களுக்கு அவர் உஸ்தாஸ், அதாவது வாத்தியார். லிவர்பூலுக்கோ ஹாம்பர்க்குக்கோ போகிற எந்தத் தாளும் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார். ஒரு எழுத்து குறைந்தாலும் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. திட்ட மாட்டார், முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டார். அந்தக் கோட்டைப் பார்த்தால் திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிச் சொன்னால் போதும். மிஸ் என்ற சொல்.

எங்கள் பேச்சில், ஒருவர் பக்கத்தில் இல்லாமல் மனது தாங்காவிட்டால் ஒரே வார்த்தை சொல்லுவோம். வஹஷ்தீனி. நீ என்னை வெறிச்சோட வைத்துவிட்டாய் என்று அர்த்தம். போனவர்தான் அந்த வார்த்தையில் முன்னால் நிற்பார், தவிக்கிறவர் கடைசி 'னி'யில். தப்பெல்லாம் அவர் தலையில். ஆங்கிலக்காரர்கள் அதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லில், இங்கே இருந்து தவிக்கிறவர்தான் முன்னால் வருவார். இது தெரியாமல் எங்கள் ஆட்கள் எழுதினால் எல்லாம் தலைகீழாகிவிடும். 'நீங்கள் இல்லாமல் எங்களுக்கு ஏக்கமாக இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு, 'நாங்கள் இல்லாமல் நீங்கள் ஏங்குகிறீர்கள்' என்று எழுதி வைப்பார்கள்.

ஷவ்கி அப்படித்தான் மாட்டிக்கொண்டான். கப்பல் பிரிவில் இருந்தவன், வாய்த்துடுக்குக்காரன். லிவர்பூலில் எங்களிடம் வழக்கமாகப் பஞ்சு வாங்கும் ஒரு கிழவர் அந்த வருஷம் ஊருக்கு வரவில்லை. ரஷ்வான் காய்ச்சலில் விடுப்பில் இருந்த சமயம் பார்த்து, இவன் தானே ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டான். அதில் 'யூ மிஸ் அஸ் வெரி மச்' என்று ஒரு வரி. பதில் உடனே வந்தது. தான் நலமாக இருப்பதாகவும், அப்படி எந்த ஏக்கமும் தனக்கு இல்லை என்றும் கிழவர் எழுதியிருந்தார். மேலாளர் ஷவ்கியைக் கூப்பிட்டு வறுத்து எடுத்தார்.

காய்ச்சல் தெளிந்து வந்த ரஷ்வான் அந்தக் கடிதத்தின் நகலைப் பார்த்தார். சிவப்புக் கோடு போட்டார். பிறகு அவர் வழக்கத்துக்கு மாறாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"இந்தச் சொல்லுல வலிக்கிறவன் முதல்ல வரணும், ஷவ்கி. போனவன் பின்னாலதான்."

"அட, லிவர்பூல் கிழவன் வரலன்னா எனக்கு ஏன் வலிக்குது உஸ்தாஸ்? கமிஷன் போச்சேன்னுதான் வலி!"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்த விதி அலுவலகத்தில் நிலைத்துவிட்டது. யாராவது எதையாவது தலைகீழாகச் செய்தால், காபியில் உப்பைப் போட்டால்கூட, "வலிக்கிறவன் முதல்ல" என்று சொல்லிக் கிண்டல் செய்வோம். அதற்கப்புறம் எத்தனையோ வருஷங்கள் ஷவ்கியை அது விடவில்லை.

ரஷ்வானின் மனைவி நபவிய்யா. கர்மூஸ் பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அவள் பால்கனியில் நின்று காய்கறி வண்டிக்காரனைக் கூப்பிட்டால் அடுத்த தெரு வண்டியும் நின்றுவிடும். அவள் பேசுவாள், இவர் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வஹஷ்தீனின்னு சொன்னதில்லடி. எங்க அம்மா வீட்டுக்கு ஒரு மாசம் போயிட்டு வந்தாலும், கதவைத் திறந்து, 'வந்துட்டியா? கேஸ் தீர்ந்துபோச்சு' அவ்வளவுதான்."

என் புருஷன் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவான், ஒரு வேலைக்கும் உதவ மாட்டான். அதையும் அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், மைஸா. எங்கள் ஊர் வழக்கப்படி அவர் இவளை உம்மு மைஸா, மைஸாவின் அம்மா, என்பார்; இவள் அவரை அபூ மைஸா, மைஸாவின் அப்பா, என்பாள். கல்யாணமாகி மெல்பர்னுக்குப் போனவள். அவளுக்குப் பிரசவம் என்று நபவிய்யா கிளம்பிப் போனாள். குழந்தை பிறந்து, ஊர் திரும்பும் நேரத்தில், ஈரக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை நடந்தது. இப்போதைக்கு விமானம் ஏறக் கூடாது, எப்போது என்று பிறகு பார்க்கலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் ரஷ்வான் பேச ஆரம்பித்தார். எல்லாம் புகார்கள். சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. மதியம் நாங்கள் ஃபூல் என்கிற மொச்சை மசியலும் ரொட்டியும் பிரிக்கும்போது, "மதாம் இன்ஷிராஹ், இதுல சீரகம் எவ்வளவு போடணும்?" என்று கேட்பார். தெருப் பூனை ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்துக் கத்துகிறதாம். "அவ மீன் தலை போட்டுப் பழக்கியிருக்கா. இப்ப அது என்னைப் பாத்துக் கத்துது" என்றார். பூனை மேல் அவருக்கு நிஜமாகவே கோபம்.

"வெறிச்சுனு இருக்குன்னு சொல்லுங்களேன்" என்றேன் ஒரு நாள்.

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, பென்சில் சீவப் போய்விட்டார்.

கடைசியில் தானே மெல்பர்னுக்குப் போவது என்று முடிவு செய்தார். வாழ்நாளில் கெய்ரோவைத் தாண்டாதவர். தூதரகத்துக்கு விசா விண்ணப்பமும் கூடவே ஒரு கடிதமும் அனுப்பினார். அதை யாரிடமும் காட்டவில்லை. அவர் கடிதத்தைத் திருத்த யார் இருக்கிறார்கள்?

பதில் வந்த அன்று அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. தாளை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார். மரியாதையான கடிதம்தான். 'உங்கள் மனைவி உங்களை மிகவும் மிஸ் செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், பயணத்துக்கு அது ஒன்றையே காரணமாகவும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மருமகன் தந்த அழைப்புக் கடிதமோ, உங்கள் மனைவி நல்ல கவனிப்பில், ஒரு குறையும் இல்லாமல் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறது. ஆகவே உங்கள் மனைவி இதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும், அல்லது நீங்கள் போக விரும்புவதற்கான உங்கள் சொந்தக் காரணத்தை எழுத வேண்டும். மாத முடிவுக்குள் வராவிட்டால் விண்ணப்பம் மூடப்படும்.'

நான் படித்து முடிப்பதற்குள் ஷவ்கி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டான்.

"மிஸ்ஸா? உஸ்தாஸ் எழுதினதா? தலைகீழாவா?" அவன் நாற்காலியில் விழுந்து சிரித்தான். "எத்தனை வருஷம் என்னை அரைச்சீங்க! வலிக்கிறவன் முதல்ல, வலிக்கிறவன் முதல்லன்னு! எங்க அந்தச் சிவப்புப் பென்சில்? நான் போடறேன் கோட்டை!"

ரஷ்வானின் காது சிவந்துவிட்டது. "நான் தலைகீழா எழுதல" என்றார். "சரியாத்தான் எழுதியிருக்கேன். அவதான் அங்க தவிக்கிறா."

ஷவ்கி சிரிப்பை நிறுத்தினான். கைதவறி எழுதிய தப்பு என்றால் கிண்டல் செய்யலாம். இந்த மனுஷன் அதை நம்பியே எழுதியிருக்கிறார். அதற்கு என்ன செய்வது?

அவள் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்பினால் முடிந்தது என்றார் ரஷ்வான். மறுநாள் காலை நானும் அவரோடு ரம்ல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். எனக்கும் குவைத்தில் இருந்த தம்பியிடம் பேச வேண்டியிருந்தது. பெஞ்சில் கூட்டம். "மெல்பர்ன், மூணாம் கேபின்!" என்று கவுண்டரில் இருந்தவள் கத்தினாள். மூன்றாம் கேபினுக்குக் கதவு கிடையாது, கழன்று போய் வெகுநாளாகியிருந்தது. கதவு இருந்திருந்தாலும் நபவிய்யாவின் குரல் அதற்குள் அடங்கியிருக்காது.

"உம்மு மைஸா, ஒரு கடிதம் வேணும். மருமகன் எழுதட்டும், நீ கையெழுத்துப் போடு."

"என்னன்னு எழுதறது?"

"என்னை விட்டுட்டு இருக்க முடியலன்னு."

"யாருக்கு முடியல?"

"உனக்கு."

"எனக்கா? எனக்கு என்ன கேடு? பேத்தி மடியில இருக்கா. மைஸா வேளாவேளைக்கு ஆக்கிப் போடறா. நடக்கப் பழக்கறதுக்கு ஒரு பொண்ணு வருது, தங்கம்! நான் யார்கிட்ட சொன்னேன், முடியலன்னு?"

"சொல்லல. ஆனா, விசாவுக்கு..."

"விசாவுக்குப் பொய் சொல்லச் சொல்றியா? நீயா, அபூ மைஸா? ஒரு கமா தள்ளிப் போட்டாலே தூங்க மாட்டே!"

அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி, என்னை விடு. உனக்கு அங்க எப்படி இருக்கு? அதைச் சொல்லு."

சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

ரஷ்வான் தொண்டையைச் செருமினார். "எலுமிச்சை ஊறுகா ஜாடி எங்க வெச்சே?"

மெல்பர்னில் அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "மேல் தட்டுல, மாவு டப்பாவுக்குப் பின்னால" என்றாள். "ஊறுகா அங்கயே இருக்கு. அப்புறம் நீ எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?" போனை வைத்துவிட்டாள்.

திரும்பி நடக்கும்போது அவரோடு நான் பேசவில்லை. பேசியிருந்தால் நடுத்தெருவில் கத்தியிருப்பேன்.

மாதம் முடிய நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. ரஷ்வான் தினமும் எழுதினார், கசக்கினார், எழுதினார். முதல் வரைவில் 'கீழே கையொப்பமிட்டவரின் இருப்பு அங்கே அவசியமாகிறது' என்று இருந்தது.

"யாருக்கு அவசியம்னு கேப்பாங்க" என்றேன்.

அடுத்ததில், 'கீழே கையொப்பமிட்டவர் தம் துணைவியாரின் இன்மையை ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறார்.'

"இது இரங்கல் கடிதம் மாதிரி இருக்கே. செத்துப்போனவங்களுக்குத்தான் இப்படி எழுதுவாங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. தாளை நாலாகக் கிழித்தார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம், ஆனால் சொன்னது நல்லதாகத்தான் போயிற்று. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"வேற வினைச்சொல் இல்ல, மதாம் இன்ஷிராஹ். எல்லா அகராதியும் பாத்துட்டேன். தேவைப்படுதுன்னா கணக்கு மாதிரி இருக்கு. வருந்துறேன்னா சாவு மாதிரி இருக்கு. ஆசைப்படுறேன்னா சரக்குக்கு ஆர்டர் குடுக்கற மாதிரி இருக்கு. இதுக்குன்னு இருக்கறது அந்த ஒரு சொல்தான்."

"அப்ப அதையே எழுதுங்க."

"அலுவல் கடிதத்துல அது வரலாமா?"

"நீங்க சொன்னா வரலாம். உங்களைத் தவிர இங்க யாருக்குத் தெரியும்?"

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். கடல் காற்று மேசைமேல் இருந்த தாள்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "நம்ம பேச்சுல அவளை முன்னால போட்டுடலாம்" என்றார் மெல்ல. "அவ போனா, அவதான் வெறிச்சோட வெச்சா. நான் வார்த்தையோட வாலுல ஒரு ஓரமா ஒட்டிக்கிட்டு நிப்பேன். அதுகூட என்னால சொல்ல முடிஞ்சதில்ல. இதுல என்னைக் கொண்டுபோய் முன்னால நிறுத்தச் சொல்றாங்க. ஒளியறதுக்கு ஒரு எழுத்துகூட இல்ல."

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

அவ்வளவு நேரே யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ரஷ்வான் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பூனை வந்து உள்ள எட்டிப் பாக்குது" என்றார். "நானும் அதோட சேர்ந்து பாக்கறேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து என் நாற்காலியைக் காலி செய்தேன். அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். கீழே கையொப்பமிட்டவர் என்பதை விட்டுவிட்டு, ஒற்றை விரலால் தட்டினார். 'ஐ மிஸ் மை வைஃப்.' பயணத்துக்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று ஒரு வரி. முந்தைய கடிதத்தில் வினைச்சொல்லைத் தவறான ஆளுக்குக் கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும் என்று இன்னொரு வரி. அதற்குக் கீழே தங்கள் உண்மையுள்ள, கையெழுத்து.

ஷவ்கி வந்து படித்தான். என்ன சொல்லப் போகிறானோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் இரண்டு தடவை படித்தான்.

"இதுல ஒரு தப்பும் இல்ல, உஸ்தாஸ்" என்றான். கடிதத்தைத் தானே மடித்து உறையில் போட்டு, பதிவுத் தபாலில் சேர்க்கப் படியிறங்கி ஓடினான்.

விசா வந்தது. கூடவே விளக்கமோ வாழ்த்தோ எதுவும் இல்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை மட்டும் குத்தியிருந்தது.

அதைச் சொல்ல மறுபடியும் டெலிபோன் ஆபீசுக்குப் போனோம். இந்தத் தடவை எனக்கு யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை, சும்மாதான் போனேன். அதே மூன்றாம் கேபின்தான் கிடைத்தது. பெஞ்சில் ஜித்தாவுக்குப் பேசக் காத்திருந்த ஒரு குண்டு மனிதர், பிள்ளையோடு ஒரு பெண், இன்னும் நாலைந்து பேர்.

"உம்மு மைஸா, விசா குடுத்துட்டாங்க."

"குடுத்துட்டாங்களா? நான்தான் ஒண்ணும் எழுதித் தரலையே. என்ன எழுதினே?"

அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியுமா? நம்ம பேச்சுல சொல்லு."

ரஷ்வான் சுற்றுமுற்றும் பார்த்தார். கதவில்லாத கேபின். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, வாயை ரிசீவரோடு ஒட்டி வைத்துச் சொன்னார். "வஹஷ்தீனி."

"என்னது? கேக்கல!"

"வஹஷ்தீனி."

"லைன் சரியில்ல, அபூ மைஸா! கரகரங்குது! சத்தமா!"

குண்டு மனிதர் பெஞ்சிலிருந்து முன்னால் சாய்ந்தார். "சத்தமா சொல்லுங்க ஹாஜ்! மெல்பர்ன் என்ன பக்கத்துலயா இருக்கு?"

அலுவலகத்தில் ஒரு நாளும் குரல் உயர்த்தாத ரஷ்வான், பொத்தான் அறுந்த சட்டையோடு நின்று, ரம்ல் ஸ்டேஷன் டிராமில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி கத்தினார்.

"வஹஷ்தீனி! வஹஷ்தீனி, நபவிய்யா!"

பிள்ளையோடு இருந்த பெண் கைதட்டிவிட்டாள். கவுண்டர்காரி எழுந்து நின்று பார்த்தாள். மறுமுனையில் பேச்சே இல்லை. நிஜமாகவே லைன் போய்விட்டது என்றுதான் நான் பயந்தேன். பிறகு அவள் குரல் வந்தது, நான் அதுவரை கேட்டிராத அளவுக்குச் சின்னதாக.

"வரும்போது அந்த ஊறுகா ஜாடியை எடுத்துட்டு வா."

அவர் போனார். பல மாதங்கள் கழித்து இருவரும் சேர்ந்து திரும்பி வந்தார்கள். அவள் கையில் ஒரு தடி, மற்றக் கை அவர் முழங்கையில். பார்க்கப் போனேன். ரஷ்வான் வாசலில் குனிந்து பூனைக்கு மீன் தலை போட்டுக்கொண்டிருந்தார். நபவிய்யா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் குசுகுசுவென்று பேசினாள், அவளுக்கும் குசுகுசுக்கத் தெரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"உங்களுக்கு அன்னிக்கு லைன் ரொம்ப மோசம்" என்றேன். "பாவம், மனுஷன் தொண்டை கட்டிப்போச்சு."

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"லைனுக்கு ஒரு கேடும் இல்லடி" என்றாள். "முதல் தடவை சொன்னப்பவே கேட்டுச்சு."